நான்கு சகோதரிகள் அருவங்காட்டுக்கு வரலாமா?

கேள்வி: ‘லிட்டில் விமன்’ நாவலின் நான்கு சகோதரிகளை 1942-ஆம் ஆண்டு நீலகிரியின் அருவங்காட்டில் வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அப்பா பர்மா போர்முனையில், பெண்கள் அங்குள்ள கார்டைட் (வெடிமருந்து) பேக்டரி குவார்ட்டர்ஸில். என் தாத்தா போர்முனையிலிருந்து பாட்டிக்கு எழுதிய கடிதங்களையும் அப்படியே சேர்த்திருக்கிறேன். பதிப்பாளர், அமெரிக்காவிலிருந்து அனுமதி வாங்கி வரச் சொல்கிறார். யாரிடம் கேட்பது?
– குன்னூர் வாசகி

பதில்: யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் இறந்தது 1888-ல். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்தான் உரிமை. அது எப்போதோ தீர்ந்துவிட்டது. மூல நாவலில் வரும் அமெரிக்க உள்நாட்டுப் போரை நீங்கள் உலகப் போராக்கினாலும் கேட்க ஆளில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அக்காவின் கையெழுத்துப் பிரதியைத் தங்கை அடுப்பில் போடும் காட்சியைப் படித்தேன். கற்பூர மர விறகின் வாசனை வரைக்கும் உங்கள் எழுத்து. அடுத்த இரண்டு பத்திகளில் மட்டும் நடை மாறுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எழுதியதாக நீங்களே சொல்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. அந்த 60 ஆண்டுக் கணக்கு அவர் இறந்த ஆண்டை வைத்து. அந்தப் பத்திகளை எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். காட்சி இருக்கட்டும். கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை இல்லை என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இந்த நாவலை வைத்து 2019-ல் வந்த சினிமாவின் சொந்த வசனம் ஏதாவது நுழைந்திருந்தால் அதையும் வெட்டுங்கள்.

அப்புறம் கடிதங்கள். டிரங்குப் பெட்டியில் கிடைத்த காகிதம் உங்களுடையது, சரி. எழுத்து தாத்தாவுடையது, உயில் இல்லாவிட்டால் அது வாரிசுகள் எல்லோருக்கும் போகும். பழசுதானே என்று விட முடியாது. எழுதியவர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சேறும் எழுத்துக்கு, அச்சேறிய பிறகுதான் 60 ஆண்டு ஓட ஆரம்பிக்கும் (24-ஆம் பிரிவு). பெரியப்பா, அத்தைகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊட்டி அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லை என்கிறீர்கள். முதலில் போக வேண்டியது அவர் வீட்டுக்குத்தான்.

பதிப்பாளர் தந்த ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருக்கிறது. காலமே குறிக்காமல் விட்டிருந்தால் 19-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டாக எடுத்துக்கொண்டிருக்கும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தமிழ் அச்சு உரிமை மட்டும், இத்தனை ஆண்டு என்று எழுதி வாங்குங்கள். மற்றதை அடித்து, அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.