காபன் நனோக்குழாயும் லயத்துக் கூரை அன்டெனாவும்

“கரி கறுப்பு என்பதால்தானே காபன் நனோக்குழாய் தொலை செந்நிறக்கீழ்க் கதிரையும் உறிஞ்சுகிறது?” என்று உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். (காபன் நனோக்குழாய் என்பது காபன் அணுக்களால் ஆன, நனோமீற்றர் அளவு விட்டமுள்ள மிக நுண்ணிய குழாய். செந்நிறக்கீழ் என்று நாங்கள் படிப்பதைத்தான் தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்கிறார்கள்; தொலை செந்நிறக்கீழ் அதன் நீண்ட அலைப் பகுதி.) இலங்கையின் அட்டனில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், என் வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது.

கறுப்பு காரணமில்லை தம்பி. 100 மைக்ரோமீற்றர் அலைநீளக் கதிரின் ஒரு போட்டனில் (ஒளித்துகளில்) இருப்பது 0.0124 இலத்திரன்வோல்ற்று சக்தி. 1 நனோமீற்றர் விட்டமுள்ள குறைகடத்திக் குழாயில், கதிரை உறிஞ்ச இலத்திரன் தாண்ட வேண்டிய சக்தி இடைவெளியோ அரை இலத்திரன்வோல்ற்றுக்கும் மேல். அந்தச் சக்தியில் தாண்டவே முடியாது.

சின்ன வயதில் எங்கள் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத்) தகரக் கூரைக்கு மேல் மூங்கிலில் அன்டெனா கட்டியிருந்தோம். காற்றடித்துக் கம்பிகள் நட்டுக்குத்தாகத் திரும்பினால் படம் போய்ப் புள்ளி புள்ளியாகிவிடும். மாமா மழையிலும் ஏறி, கம்பியைப் படுக்க வைத்து, “இப்போ தெரியுதா?” என்று கத்துவார். “இன்னும் கொஞ்சம் மாமா!” என்போம் உள்ளேயிருந்து.

நனோக்குழாயும் ஓர் அன்டெனாதான். கதிரின் மின்புலம் குழாயின் நீளவாக்கில் இருந்தால், சுயாதீன இலத்திரன்கள் எல்லாம் சேர்ந்து முனைக்கு முனை அலைமோதும். அந்த ஓட்டத்தில் கதிரின் சக்தி வெப்பமாகிறது. குறுக்காக இருந்தால் உறிஞ்சல் மிகக் குறைவு. ஒரே திசையில் அடுக்கிய குழாய்கள் இந்தக் கதிருக்கு முனைவாக்கியாக (ஒரு திசை மின்புலமுள்ள கதிரை மட்டும் விடும் வடிகட்டியாக) வேலை செய்வது இதனால்தான்.

அன்டெனாவின் நீளம் அலைநீளத்தில் பாதி என்ற அரை அலைக் கணக்கில், 1 மைக்ரோமீற்றர் குழாய்க்கு 2 மைக்ரோமீற்றர் அலைதானே பொருந்த வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குழாயில் ஓடும் இலத்திரன் அலை, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கில்தான் போகிறது. ஆகவே பரிவு (ஒத்ததிர்வு) 200 மைக்ரோமீற்றரை அண்டி, தொலை செந்நிறக்கீழில் வந்து விழுகிறது.

குழாயின் வளைவால் உண்டாகும் சிறிய சக்தி இடைவெளிதான் இந்த உறிஞ்சலுக்குக் காரணம் என்றும் நெடுநாள் வாதம் இருந்தது. 2013இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு கடத்திக் குழாய்களையும் குறைகடத்திக் குழாய்களையும் தனித்தனிப் படலமாக்கி அளந்தது. இரண்டிலும் அகன்ற, பலத்த உறிஞ்சல் உச்சி தெரிந்தது. வளைவு விளக்கம் அடிபட்டுப் போனது. குறைகடத்திக் குழாயானாலும், வேற்றுப்பொருள் ஒட்டி ஏற்றங்காவிகள் (மின்னேற்றத்தைச் சுமந்து ஓடும் துகள்கள்) சேர்ந்துவிட்டால் போதும், அதுவும் அன்டெனாவாகிவிடும்.

குழாயை நறுக்கிக் குட்டையாக்கினால் உச்சி உயர்ந்த மீடிறன் (அதிர்வெண்) பக்கம் நகரும், அன்டெனாக் கம்பியைக் குறைத்தால் நகர்வது போலவே.