7ஆம் வகுப்பு பசங்களுக்கு கதை, கவிதை எழுத எப்படி சொல்லித் தர்றது?

முதல்ல 'இயற்கை', 'தாய்மை'னு தலைப்பு குடுக்கறத நிறுத்துங்க, அதுக்கு பசங்க நோட்ஸ்ல படிச்சதத்தான் திருப்பி எழுதுவாங்க. நான் பாலக்கோடு பக்கம் 6 முதல் 8 வரைக்கும் தமிழ் எடுக்கறேன், நான் கேக்கறது ஒண்ணுதான், இன்னைக்கு காலைல நீ கையால தொட்ட ஒரு பொருள சொல்லு. ஒரு பையன் தக்காளி போடற கிரேட் பெட்டின்னான். சரி, அது என்ன கலரு, எங்க உடைஞ்சிருக்கு, யாரு தூக்குனாங்கன்னு கேட்டுக்கிட்டே போனேன், கடைசில 'வெல இல்லன்னு அப்பா கிரேட்ட திண்ணைலயே வெச்சிட்டாரு, ராத்திரி பூரா வீடெல்லாம் புளிச்ச வாசன'ன்னு எழுதிட்டு வந்தான். அதுல சோகம்ங்கற வார்த்தையே இல்ல பாருங்க, அதான் கதை.

கவிதைக்கு எதுகை மோனைல ஆரம்பிக்காதீங்க, அது தானா வரும். நம்ம தகடூர் (இப்போ தர்மபுரி) அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தது எல்லா பிள்ளைக்கும் தெரியும், புறநானூறு 91ல அவ்வையே பாடியிருக்காங்க. அந்த நெல்லிக்கனியவே பேச வைக்கச் சொல்லுவேன், 5 வரி போதும். அப்புறம் 'அழகான' மாதிரி வார்த்தைய எல்லாம் அடிக்கச் சொல்லுவேன்.

சிவப்பு பேனாவ மட்டும் அன்னைக்கு எடுக்காதீங்க. ர ற தப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம், சத்தமா படிக்க விடுங்க, மத்த பசங்க 'அப்புறம் என்னாச்சு'ன்னு கேக்கற எடத்துல எங்க இன்னும் எழுதணும்னு அவனுக்கே தெரிஞ்சிடும்.