ஸ்கைடைவிங்கில் பாராசூட் விரியாவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. முதுகில் மாட்டும் அந்த ஒரே பைக்குள் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது சிக்கிக்கொண்டால், வலப்பக்கக் கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும். பிறகு இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ், அதாவது இரண்டாவது பாராசூட், விரியும். வரிசை மாறினால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாம். தரையில் நிற்கும்போதே "பார், பிடி, இழு" என்று சலிக்கச் சலிக்கப் பழக்குவது அதனால்தான்.

ஆள் மயங்கிவிட்டால்? ஏஏடி என்ற சின்னக் கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணிக்கும். அனுபவசாலிகளுக்கான வகையில், சுமார் 750 அடியிலும் வேகம் குறையாமல் விழுந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். விமானத்தில் ஏறும் முன் ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவே!

ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர் (பாராசூட் மடிக்கும் வல்லுநர்) தான் மடிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, 180 நாளுக்குள் மடித்ததாக இருக்க வேண்டும். பையோடு வரும் அட்டையில் தேதியைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

தொடைப் பட்டைகளை ஏறுமுன் ஒருமுறை, குதிக்குமுன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சளி, காதடைப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

இன்னொன்று: நன்றாக விரிந்த பாராசூட்டோடு, தரைக்கு அருகில் சட்டென்று திரும்பி அடிபடுகிறவர்களும் நிறையப் பேர்.