அப்பா சொன்ன 97

தம்பி, கிளிநொச்சியை விட்டு 97இல் வெளிக்கிட்டதாக அப்பா சொல்ல, போனைக் காட்டி 96 என்று திருத்தினீர்கள். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

ஆண்டு நீங்கள் சொன்னதுதான். இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை 1996 ஜூலையில் தொடங்கியது, செப்டெம்பர் கடைசியில் நகரம் இராணுவத்திடம் போனது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் ஒதுங்கியது. ஆனால் அப்பா அன்று சொல்ல வந்தது ஆண்டையா? மரத்தடியில் கிடந்த முதல் மழை இரவைச் சொல்ல வந்திருக்கலாம். கதையைப் படலையிலேயே மறித்துவிட்டீர்கள். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த மனிதருக்கு ஒரு வருடம் முன்பின்னாவது பெரிய விசயமில்லை. காணிப் பத்திரத்திலோ மருந்து அளவிலோ பிழை என்றால் திருத்தத்தான் வேண்டும்.

நானும் பெரியப்பாவோடு ஆட்டக்காரி நெல் எத்தனை நாளில் விளையும் என்பதுபற்றி வரம்பில் நின்று வாதாடி வென்றவள். “சரி மகள், நீ சொல்றதே சரி” என்றார். அதற்குப் பிறகு வயலைப்பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. இப்போது அவர் இல்லை. எந்த வாய்க்காலை எப்போது மறிப்பது என்று கேட்க எனக்கு ஆளில்லை. அது இன்னும் வலிக்கிறது.

இன்று பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருங்கள். 96, 97 கதையே எடுக்க வேண்டாம். “அப்பா, அப்ப சாமான் எல்லாம் என்னத்தில ஏத்தினனீங்கள், மாட்டு வண்டியிலயா?” என்று கேளுங்கள். இடையில் ஆண்டு பிழையாக வந்தாலும் வரட்டும், கேட்டுக்கொண்டே இருங்கள்.