முட்டைக்குள் ஒரு தண்டுவடம்: கேள்வி பதில்

கருவில் தண்டுவடம் எப்படி உருவாகிறது என்பது பற்றி வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கோழி முட்டைகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவி: சார், ஸ்டெம் செல்லும் முன்னோடிச் செல்லும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. ஸ்டெம் செல் தன்னைப் போன்ற இன்னொன்றை வெகுகாலம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். முன்னோடிச் செல் சில சுற்றுகள்தான் பிரியும். அது தரக்கூடிய செல் வகைகளும் குறைவு.

மென்பொருள் துறை நண்பர்: எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ. அப்புறம் ஒன்றை மட்டும் "நீ மோட்டார் நியூரான் ஆகு" என்று யார் சொல்கிறார்கள்?

மோட்டார் நியூரான் என்பது தசையை இயக்கும் நரம்புச் செல். அப்படி ஆகச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர்தான். தண்டுவடம் முதலில் ஒரு மெல்லிய குழாய். அதற்கு அடியில் முதுகுநாண் என்ற தண்டு ஓடுகிறது. அது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கும். சீக்கிரமே குழாயின் தரைப்பகுதியும் அதையே சுரக்க ஆரம்பிக்கும். கூரைப் பக்கமிருந்து பிஎம்பி, விண்ட் புரதங்கள் இறங்கிவரும். தாளிக்கும் வாசனை அடுப்படியில் தூக்கலாகவும் வாசலில் லேசாகவும் இருப்பதுபோல, ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் அளவு வேறு.

தரையை ஒட்டிய செல்கள் என்கேஎக்ஸ்2.2 மரபணுவை இயக்கும். அதற்கு மேல் வரிசையில் ஆலிக்2, அதற்கும் மேலே ஐஆர்எக்ஸ்3. மோட்டார் நியூரான்கள் பிறப்பது ஆலிக்2 வட்டாரத்தில். வாசனை படிப்படியாகத்தானே குறைகிறது, எல்லை மட்டும் எப்படிக் கோடு போட்டதுபோல் விழுகிறது? ஆலிக்2 தான் இருக்கும் இடத்தில் ஐஆர்எக்ஸ்3ஐ விடாது, ஐஆர்எக்ஸ்3 தான் இருக்கும் இடத்தில் ஆலிக்2வை விடாது. நடுவில் நிற்கும் செல் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். இப்படி மேலிருந்து கீழாகப் பதினொரு வட்டாரங்கள் பிரிகின்றன.

சோனிக் ஹெட்ஜ்ஹாக்கின் அளவு மட்டுமல்ல, அது எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். லண்டனில் ஜேம்ஸ் பிரிஸ்கோவின் குழு 2007இல் இதைக் காட்டியது. அடியில் இருக்கும் செல்லும் முதலில் ஆலிக்2வைத்தான் இயக்குகிறது. சமிக்ஞை விடாமல் வந்தால்தான் என்கேஎக்ஸ்2.2க்கு மாறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு இதுதான்.

கல்லூரி மாணவர்: அது என்ன பெயர், சோனிக் ஹெட்ஜ்ஹாக்?

வீடியோ கேமில் ஓடும் அதே முள்ளெலிதான். பழ ஈயில் ஒரு மரபணு கெட்டால் புழுவின் உடம்பு முள் அடர்ந்து காணும். அதனால் முதலில் ஹெட்ஜ்ஹாக் என்றார்கள். முதுகெலும்பிகளில் அதன் சொந்தக்காரர் 1993இல் அகப்பட்டபோது குறும்பாக இப்படி வைத்துவிட்டார்கள்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்: முட்டையை உடைக்காமல் உள்ளே எப்படி வேலை செய்கிறீர்கள்?

அடைமுட்டைதான் வேண்டும், கடை முட்டை உதவாது. 38 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் குழாய் உருவாகியிருக்கும். ஊசியால் நாலைந்து மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சிவிடுவோம்; கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். ஓட்டின் மேல் டேப் ஒட்டிச் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு ஜன்னல் வெட்டுவோம். குழாய்க்குள், சோதிக்க வேண்டிய மரபணு கொண்ட, பச்சைச் சாயம் கலந்த டிஎன்ஏவை ஊசியால் ஏற்றி, இருபுறமும் மின்கம்பி வைத்து, சில பத்து மில்லிசெகண்டு மின் அதிர்வுகள் கொடுப்போம். டிஎன்ஏ நேர்மின் பக்கம் மட்டும் போகும். அதாவது ஒரே கருவில் பாதி மாற்றப்பட்டது, மறு பாதி ஒப்பிட்டுப் பார்க்க. கை நடுங்கினால் ரத்தக்குழாய் கிழிந்து எல்லாம் போச்சு. ஆரம்பத்தில் ஒரு டஜனுக்கு இரண்டு தேறினாலே எனக்குத் தீபாவளி.

இன்னொரு கருவிலிருந்து முதுகுநாணை எடுத்துக் குழாயின் பக்கவாட்டில் பதித்தாலும் போதும். அந்த இடத்திலேயே இரண்டாவது தரைப்பகுதியும் அதை ஒட்டி மோட்டார் நியூரான்களும் முளைத்துவிடும்.

பிஎச்டி மாணவி: ஆலிக்2 வட்டாரம் மோட்டார் நியூரானோடு நின்றுவிடுமா அண்ணா?

இல்லை அம்மா, அங்கேதான் சுவாரசியம். எலிக்கருவில் ஒன்பதாம் நாளிலிருந்து மோட்டார் நியூரான்கள் பிறக்கும். பன்னிரண்டு நாள் கடந்ததும் அதே வட்டாரம் ஆலிகோடென்ட்ரோசைட் முன்னோடிகளைத் தர ஆரம்பிக்கும்; நரம்புக்கு மயலின் உறை போர்த்துபவை அவை. ஆலிக்2 இல்லாத எலியின் தண்டுவடத்தில் இரண்டுமே உருவாவதில்லை. இடையில் எல்லா முன்னோடிகளும் ஒரேயடியாக நியூரானாகித் தீர்ந்துவிடாமல் பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் நாட்ச் என்ற சமிக்ஞை ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கும். விதைநெல்லை எடுத்து வைப்பது மாதிரி.

வாசகர்: இத்தனை வகையில் ஒன்று கெட்டால் வெளியே தெரியுமா?

ஐஸ்லாந்துக் குதிரையைப் பாருங்கள். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் இரு பிரதியிலும் மாற்றம் உள்ளவற்றால் ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓட முடியும். 2012இல் கண்டுபிடித்தார்கள். தண்டுவடத்தின் மேல் பாதியில் கடைசி வட்டாரத்திலிருந்து வரும் ஒரு வகை நியூரானில் இயங்கும் மரபணு அது.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் ஒருவர்: ஃபோலிக் அமிலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தட்டையான தகடாகத் தொடங்கும் அந்தக் குழாய் சுருண்டு மூடுவதோடு தொடர்பு. மனிதக் கருவில் கருத்தரித்து சுமார் 28 நாளுக்குள் அது மூடிவிட வேண்டும். பலருக்குக் கர்ப்பமே தெரியாத காலம். அதனால்தான் முன்கூட்டியே தினம் 400 மைக்ரோகிராம் என்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

ஒரு மகன்: அப்பாவுக்கு விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. இந்தச் செல்களை மறுபடி எழுப்ப முடியாதா?

தம்பி, நேராகவே சொல்கிறேன். நம் தண்டுவடத்தின் நடுக்கால்வாயை ஒட்டி எபென்டைமல் செல்கள் இருக்கின்றன. எலியில் பார்த்தவரை அடிபட்டால் அவை பிரிகின்றன, ஆனால் தருவது பெரும்பாலும் தழும்பில் சேரும் ஆஸ்ட்ரோசைட்டுகளை; அவை நியூரான் அல்ல, துணைச் செல்கள். வரிக்குதிரை மீன் நியூரானையே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். நமக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டு நடக்க வைக்கிறோம் என்று லட்சக்கணக்கில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு அது ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.