சிட்னி பீச்சுக்கு கிளாஸ்மேட்ஸ் கூப்பிடுறாங்க, நீச்சல் அரைகுறை, போகலாமா?

கேள்வி: அக்கா, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல பிப்ரவரில சிட்னி வந்திருக்கேன். கூட படிக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து வர்ற சனிக்கிழமை பாண்டை பீச் போலாம்னு பிளான் போட்டிருக்காங்க, ஜெர்மனி, பிரேசில், கொரியா பசங்க, எல்லாருமே என்னை மாதிரி புதுசா வந்தவங்கதான். அடுத்த வாரம் ஃபிகர் எய்ட் பூல்ஸ்னு ஒரு இடம் போகணுமாம். நான் நீச்சல்குளத்துல ஒரு நீளம் போய்ட்டு திரும்பி வருவேன், கடல்ல கால் நனைச்சதோட சரி. பிகினி எல்லாம் எனக்கு செட் ஆகாது, அதை நினைச்சாலே கூச்சமா இருக்கு. அம்மா போகவே வேண்டாம்கிறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்:

பாண்டைக்கு தாராளமா போம்மா. ஃபிகர் எய்ட் பூல்ஸ் பத்தி கடைசில சொல்றேன், அதுல எனக்கு வேற கருத்து.

நான் இங்க ஒரு சர்ஃப் லைஃப்சேவிங் கிளப்ல வாலண்டியரா வீக்கெண்ட் பேட்ரோல் பண்றேன். கரைல நின்னு தண்ணியவே பார்த்துட்டு இருக்கிறதுதான் எங்க வேலைல முக்காவாசி. அங்க இருந்து பார்க்கும்போது எங்களுக்கு வயித்தைக் கலக்குறது நீச்சலே தெரியாதவங்க இல்ல, அவங்க கரையோரமா நின்னு விளையாடிட்டு போயிடுவாங்க, குளத்துல நாலு நீளம் நீந்துன தைரியத்துல கொடி இல்லாத இடத்துல இறங்குறாங்க பாரு, அவங்கதான். அதுவும் வெளிநாட்டுல இருந்து புதுசா வந்த பசங்க கூட்டமா இறங்கும்போது, ஒருத்தன் போறான்னு இன்னொருத்தன், அவன் போறான்னு மூணாவது ஆளு, யாருக்குமே அந்த தண்ணிய பத்தி ஒண்ணும் தெரியாது. அதனால உனக்கு எவ்வளவு நீச்சல் தெரியும்ங்கிறத விட நீ எந்த இடத்துல இறங்குறேங்கிறதுதான் முக்கியம்.

பாண்டை கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளம். அதுல சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி ரெண்டு நட்டு வெச்சிருப்பாங்க, அந்த ரெண்டு கொடிக்கு நடுவுல மட்டும்தான் குளிக்கணும். அன்னிக்கு அலை, மணல், நீரோட்டம் எல்லாம் பார்த்துட்டுத்தான் அந்த இடத்தை எடுத்திருப்பாங்க, நிலைமை மாறினா பகல்லயே கொடியை நகர்த்துவாங்க, அதனால போன வாரம் இங்கதானே இருந்துச்சுன்னு போய் இறங்காத. பஸ்ல வர்றவங்களுக்கு தெற்குக் கோடிதான் பக்கம், இறங்கி நேரா நடந்தா அந்த ஓரம்தான் முதல்ல வரும், பார்க்கவும் அலை கம்மியா அமைதியா இருக்கும். அங்கதான் பாண்டைல பேர் பெற்ற ரிப் கரண்ட், அதாவது கரைல இருந்து கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம், ஓடுது, அதுக்கு பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்னே பேர் வெச்சிருக்காங்க, ஊர் சுத்த வந்தவங்க பையை வெச்சதும் நேரா போய் அதுலதான் இறங்குவாங்கங்கிறதால. உன் கூட வர்றவங்ககிட்ட வேற எதுவும் சொல்லாட்டியும் இந்த ஒரு விஷயத்தை பஸ்லயே சொல்லிடு.

இந்த ரிப் எப்படி வருதுன்னு ஒரு தடவை புரிஞ்சுகிட்டா உனக்கே கண்ணு பழகிடும். அலை மேல அலை வந்து மணல்திட்டு மேல உடைஞ்சு கரைப்பக்கம் தண்ணிய கொண்டு வந்து சேர்த்துட்டே இருக்கும்ல, அந்த தண்ணி திரும்ப கடலுக்கு போயாகணும். மொட்டை மாடில தேங்குன மழைத்தண்ணி ஓட்டை இருக்கிற பக்கமா ஓடுற மாதிரி, திட்டுல எங்க தாழ்வா இருக்கோ அந்த வழியா வேகமா வெளிய போகும். போகப்போக அந்த இடத்து மணலை அரிச்சு இன்னும் ஆழமாக்கும். ஆழமான இடத்துல அலை உடையாது. அதனாலதான் ரெண்டு பக்கமும் வெள்ளையா நுரை பொங்கிட்டு இருக்க, நடுவுல ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையா, சலனமே இல்லாம, வா இங்க வந்து குளின்னு கூப்பிடுற மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்க அலைக்கு பயந்து அந்த அமைதியான இடத்தைத்தான் தேடிப் போவாங்க. பீச்சுக்கு மேல ஒரு நடைபாதை ஓடுது, மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு பத்து நிமிஷம் நின்னு பாரு. நுரையோ பாசியோ கரைல இருந்து கடல் பக்கமா போயிட்டு இருந்தா, அலை உடையிற வரிசைக்கு அந்தப் பக்கம் தண்ணி கலங்கலா மண்ணு கலர்ல இருந்தா, அதுதான்.

மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு கேப்ப. உள்ள முழுகடிக்காது, வெளிய இழுத்துட்டு போகும், அவ்வளவுதான், இத மனசுல நல்லா பதிய வெச்சுக்கோ. முதல்ல காலுக்கடியில மணல் நகர்ற மாதிரி இருக்கும், அப்புறம் கால் எட்டாது, நிமிர்ந்து பார்த்தா கரை தள்ளிப் போயிருக்கும். அந்த நிமிஷம் எல்லாருக்கும் வர்ற முதல் யோசனை நேரா கரையைப் பார்த்து நீந்துறது, குளத்துல சுவத்தைப் பார்த்து நீந்திப் பழகுன நமக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். அதுதான் ஆளைக் கொல்றது. வேகமான ரிப்பை எதிர்த்து ஒலிம்பிக் வீரராலயும் நீந்த முடியாது, ஒரு நிமிஷத்துல கை ஓஞ்சிடும். மல்லாந்து மிதந்துக்கோ, மூச்சை சீராக்கு, ஒரு கையை நேரா மேல தூக்கி ஆட்டு. கொடிக்கு நடுவுல இருந்து இழுத்துட்டு போயிருந்தா எங்க ஆளுங்க ஏற்கனவே பார்த்திருப்பாங்க, மீட்புப் போர்டை எடுத்துட்டு கிளம்பியிருப்பாங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையா, அலை வெள்ளையா உடையிற பக்கமா மெதுவா நகரு, அங்க ஆழம் கம்மி, அலையே கரைக்கு தள்ளும். கையை ஆட்டுறதை பத்தி உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுடு, ஏன்னா தூரத்துல ஒருத்தர் கையாட்டுனா கரைல இருக்கிறவங்க ஹாய் சொல்றதா நினைச்சு திருப்பி கையாட்டுவாங்க, நாங்க இத எத்தனை தடவை பார்த்திருக்கோம்.

இன்னொண்ணு, வேற யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னா நீயோ மத்தவங்களோ பின்னாடியே குதிக்கக்கூடாது. காப்பாத்த போனவங்க செத்து மாட்டுனவங்க பொழச்ச கதை இங்க திரும்பத் திரும்ப நடக்குது. லைஃப்சேவரை கூப்பிடு, பக்கத்துல போர்டோ ஐஸ்பெட்டி மூடியோ மிதக்கிற எதுவா இருந்தாலும் தூக்கிப் போடு, யாரும் இல்லாத இடம்னா இங்கத்த அவசர நம்பர் 000-க்கு போன் பண்ணு.

கூட்டமா இருக்கு, அதனால பயமில்லன்னும் நினைக்காத. 1938 பிப்ரவரி 6, இதே பாண்டைல, மணல்திட்டு மேல நின்னு குளிச்சிட்டு இருந்த கூட்டத்தை அடுத்தடுத்து வந்த பெரிய அலைங்க அப்படியே அள்ளிட்டு போயிடுச்சு, சுமார் 250 பேரை இழுத்துட்டு வரவேண்டியதாச்சு, 5 பேர் செத்துப்போனாங்க. கிளப் ஆளுங்க அன்னிக்கு நிறைய பேர் கரைல இருந்ததாலதான் அஞ்சோட நின்னுச்சு. நீ முதல் நாள் இடுப்பளவு தண்ணியத் தாண்டாத. முதுகை கடலுக்கு காட்டிட்டு நின்னு செல்ஃபி எடுக்காத. கொடிக்கு நடுவுல இறங்குனாலும் தண்ணி உன்னை பக்கவாட்டுல தள்ளிட்டே இருக்கும், தெரியவே தெரியாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடி எங்க இருக்குன்னு பார்த்து திரும்ப நடுவுக்கு வா.

வெட்கப்படாம போய் பேசு, இதுதான் நம்ம பசங்க பண்ணாத விஷயம். பாண்டைல வருஷம் முழுக்க கவுன்சில் லைஃப்கார்ட்ஸ் இருப்பாங்க, நீல டிரெஸ், சீசன்ல வீக்கெண்டும் லீவு நாளும் சிவப்பு மஞ்சள் தொப்பி போட்ட வாலண்டியர்ஸ் கொடிகிட்ட இருப்பாங்க. நேரா போய் எனக்கு கடல் புதுசு, நீச்சல் சுமார், எங்க நிக்கட்டும்னு கேளு. நாள் முழுக்க யாராவது வந்து இத கேக்க மாட்டாங்களான்னுதான் நாங்க இருக்கோம். காப்பாத்துனா காசு கேப்பாங்களோன்னு கையைத் தூக்காம இருந்தவங்க உண்டு, ஒரு பைசா கிடையாது. ஆம்புலன்ஸ்ல போற அளவுக்கு ஆனாலும் விசாவுக்காக நீ எடுத்திருக்கிற ஸ்டூடண்ட் ஹெல்த் கவர்ல எமர்ஜென்சி ஆம்புலன்ஸ் வரும்.

டிரெஸ் விஷயம். பிகினி போட்டே ஆகணும்னு ஒரு சட்டமும் இல்ல, இங்க பிறந்து வளர்ந்தவங்களே பாதி பேர் ராஷீ போட்டுட்டுதான் இறங்குறாங்க, ராஷீன்னா உடம்போட ஒட்டுற முழுக்கை நீச்சல் டீஷர்ட், கேமார்ட் கடைலயே கிடைக்கும். அதோட முழு நீள நீச்சல் லெகிங்ஸ், இல்ல முட்டி வரைக்கும் ஷார்ட்ஸ், முடிஞ்சுது. தலையில இருந்து கால் வரைக்கும் மூடுற புர்கினியே 2004-ல இந்த சிட்னில அஹேதா ஜனெட்டிங்கிற லெபனான்ல பிறந்த பெண்மணி உருவாக்குனதுதான், அதனால மூடிட்டு வந்தா யாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு நினைக்காத. ஆனா காட்டன் சுடிதார், ஜீன்ஸ், லூஸ் டீஷர்ட் இதெல்லாம் போட்டு இறங்கவே இறங்காத, தண்ணி குடிச்சா கல்லு மாதிரி கனக்கும், காலையும் கையையும் சுத்திக்கும், இழுத்துட்டு போகும்போது மிதக்க விடாது.

ராஷீ இன்னொரு விதத்துலயும் நல்லது, இங்க வெயில். நமக்கு கருப்புத் தோல், சன்ஸ்கிரீன் எல்லாம் வெள்ளைக்காரங்களுக்குன்னு சொல்லிட்டு வந்து ராத்திரி தோள்பட்டை எரிஞ்சு தூங்காம கிடந்த நம்ம ஊர் பசங்களை எனக்குத் தெரியும். பிப்ரவரி மத்தியானம் சிட்னில யூவி இன்டெக்ஸ், அதாவது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரோட அளவு, 10, 11-ன்னு போறது சாதாரணம், 3 தாண்டுனாலே பாதுகாப்பு வேணும்னு இங்க சொல்றாங்க. எஸ்பிஎஃப் 50 பிளஸ் சன்ஸ்கிரீன் வாங்கி கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி தாராளமா பூசு, காது, கழுத்துப் பின்பக்கம், பாதம் மேல மறக்காத, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசு. மேகமா இருந்தாலும்தான்.

வடகிழக்கு காத்து அடிக்கிற நாள்ல ப்ளூபாட்டில்னு ஜெல்லிமீன் மாதிரி ஒரு உயிரினம் கரை ஒதுங்கும், நீலமா சின்ன பலூன் மாதிரி, நீளமா நூலு தொங்கும். மணல்ல கிடந்தாலும் தொடாத. கொட்டிடுச்சுன்னா தேய்க்காம கடல் தண்ணியாலயே அலசி நூலை எடுத்துட்டு, பொறுக்கிற அளவு சூடான தண்ணில 20 நிமிஷம் வெச்சா வலி இறங்கும், வினிகர் வேண்டாம். வினிகர் எல்லாம் வடக்கே குயின்ஸ்லாந்து பக்கம் இருக்கிற பெட்டி ஜெல்லிமீனுக்கு, செமஸ்டர் லீவுல கெய்ர்ன்ஸ் போறதா இருந்தா அத தனியா கேளு.

பசங்க குடிப்பாங்க, குடிக்கட்டும், பல பீச்சுல தடையே இருக்கு, அங்க வெச்சிருக்கிற அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கோங்க, ஆனா குடிச்சவங்க கூட தண்ணில இறங்காத. நீ குடிக்கலைங்கிறதாலயே, நைட்டு எல்லாரும் ஒரு தடவை கடல்ல இறங்கலாம்னு கிளம்பும்போது நீதான் வேண்டாம்னு சொல்ல வேண்டி வரும். சாயங்காலம் கொடியை எடுத்துட்டா அன்னிக்கு குளியல் முடிஞ்சுது.

இப்ப ஃபிகர் எய்ட் பூல்ஸ். இன்ஸ்டால பார்த்திருப்ப, எட்டு மாதிரி இருக்கிற அழகான பாறைக்குளம், ராயல் நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கு. அந்தப் பாறைத்தட்டு கடலுக்கு நேரா, தாழ்வா, வழுக்கலா இருக்கு, கடல் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், திடீர்னு ஒரு பெரிய அலை வந்து மொத்த தட்டையும் கழுவிட்டு போகும், நின்னவங்களை பாறைல தேய்ச்சுட்டு போயிருக்கு, நிறைய பேருக்கு அடி. அங்க லைஃப்கார்ட் கிடையாது, போக வர சுமார் 6 கிலோமீட்டர் ஏத்த இறக்கம், அடிபட்டா தூக்கிட்டு வர்றதே பெரும்பாடு. நேஷனல் பார்க்ஸ் காரங்க அந்த ஒரு இடத்துக்குன்னே அலை அபாய முன்னறிவிப்பு ஒண்ணு போடுறாங்கன்னா பார்த்துக்கோ. எவ்வளவு அழகான போட்டோ வந்தாலும், கடல் பழகாத ஒரு கூட்டம் போற இடம் இல்ல அதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சண்டை போடாத, அந்த முன்னறிவிப்பு பக்கத்தை குரூப்ல போட்டு, அதுக்கு பதிலா கூஜிக்கு வாங்கன்னு சொல்லு. அங்க வைலீஸ் பாத்ஸ்னு 1907-ல கட்டுன கடல்குளம் இருக்கு, பாறைக்கு நடுவுல கடல் தண்ணி, கடலைப் பார்த்துட்டே நீந்தலாம். பக்கத்துலயே மெக்கைவர்ஸ் லேடீஸ் பாத்ஸ், பொண்ணுங்களுக்கும் சின்ன பசங்களுக்கும் மட்டும், உன்னோட கூச்சத்துக்கு அத விட நல்ல இடம் சிட்னில இல்ல, கடல் தண்ணில உடம்பு பழக அங்கயே ரெண்டு மூணு தடவை போய்ட்டு வா. கூஜி பீச்சுல இறங்குனா மட்டும் பார்த்து, அங்க அலை கரை மணல் மேலயே தொப்புன்னு விழும், அது விழுற இடத்துல நிக்காத, கழுத்துல அடிபடும்.

அம்மாகிட்ட மறைக்காத. பீச் பேரைச் சொல்லு, கொடிக்கு நடுவுலதான் நிப்பேன், இடுப்பளவு தண்ணிக்கு மேல போகமாட்டேன், ஆறு மணிக்கு போன் பண்றேன்னு சொல்லு. சனிக்கிழமை காலைல கிளம்புறதுக்கு முன்னாடி பீச்சேஃப் ஆப்ல பாண்டைன்னு போட்டுப் பாரு, அன்னிக்கு அலை எவ்வளவு, பேட்ரோல் எத்தனை மணி வரைக்கும், பீச் திறந்திருக்கா மூடியிருக்கான்னு எல்லாம் இருக்கும். அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவங்களுக்கும் அனுப்பிடு. மூடியிருக்குன்னு வந்தா அன்னிக்கு மணல்ல உக்காந்து சிப்ஸ் சாப்பிட்டுட்டு வாங்க, கடலோர நடைபாதைல கூஜி வரைக்கும் நடந்தே போகலாம், அதுவே ஒரு நாளைக்கு போதும்.