கானமயிலா, கடல் அட்டையா: எதை மீட்பது கடினம்?

வருடத்துக்கு ஒரே முட்டை இடும் கானமயில் (புல்வெளியில் வாழும் பெரிய பறவை, மயில் அல்ல) அழிவது புரிகிறது, லட்சக்கணக்கில் இடும் கடல் அட்டைக்கு (கடலடியில் வாழும் மெத்தென்ற பிராணி) என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கானமயில் 200கூட மிச்சமில்லை, பெரும்பாலும் ராஜஸ்தானில். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே இருக்கும் மின்கம்பி தெரிவதில்லை. கனத்த உடம்பு, சட்டென்று திரும்பவும் முடியாது, மோதிச் சாகிறது.

மன்னார் வளைகுடாவில் இருக்கும் கடல் அட்டை வகையான வெள்ளை அட்டைக்குச் சிக்கல் வேறு. ஆணும் பெண்ணும் கூடுவதில்லை. முன்னுடம்பை நிமிர்த்தி விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும், அவ்வளவுதான். பக்கத்தில் ஜோடி இல்லாவிட்டால் அத்தனையும் வீண். தேடிப் போகலாமே என்றால், மணலில் புதைந்து கிடக்கும் பிராணி அது! 2001-இல் பிடிக்கத் தடை வந்தது, கடத்தல் நிற்கவில்லை.

ஆனால் தூத்துக்குடியில் 1988-லேயே இதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். அதனால் என் ஓட்டு, கானமயிலை மீட்பதுதான் கடினம்.